‘தெளிவில்லை’ பெட்டி

பிப்ரவரி 3

அண்ணிக்கு,

போன மாதம் உங்கள் வீட்டில் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு கிளம்பினவள் எழுதுகிறேன். நலமா என்று கேட்க மனம் வரவில்லை. நலமாகத்தான் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அது போதும்.

அண்ணன் மூன்று தடவை ஃபோன் செய்துவிட்டான். நான் எடுக்கவில்லை. கோபம் ஒரு காரணம். எட்டு மணி நேரம் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஆம்புலன்ஸ் கேட்டு அலறுகிறவர்களோடு பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால், ஃபோன் மணி கேட்டாலே அதைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுகிறேன் என்பது இன்னொன்று. கடிதத்தில் ஒரு வசதியும் இருக்கிறது. நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே விளக்கம் சொல்ல முடியாது.

இன்று காலை எங்கள் சூப்பர்வைசர் அழைப்பு அறைச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார். (அவரை நாங்கள் ‘கடிகாரம்’ என்போம். மனிதர் முகத்தைப் பார்த்து ஒரு நாளும் பேசியதில்லை, மணியைப் பார்த்தே பேசுவார்.) ஏப்ரல் ஒன்றிலிருந்து உங்கள் ஆராய்ச்சி நிலையத்து மெஷின் எங்களோடு சேர்ந்து ஒவ்வொரு அழைப்பையும் கேட்கப்போகிறதாம். இதயம் நின்றுபோன கேஸ் என்று அதற்குத் தோன்றினால் திரையில் சிவப்பு. இல்லையென்றால் பச்சை. சிவப்புக்கு உடனே வண்டி, பச்சை வரிசையில் நிற்க வேண்டும். அதன் கீழே குழு வாரியாக ஒரு பட்டியல், “எல்லோருக்கும் சமமாக வேலை செய்கிறது” என்ற தலைப்பில். அதற்கும் கீழே உங்கள் பெயர்.

எங்கள் அறையைச் சுத்தம் செய்கிற அக்கா, ஆற்றுக்கு அக்கரையில், வேறு பாஷை பேசுகிறவர்களின் குடியிருப்பில் இருப்பவர், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அதைப் படித்தார். “இதுல எங்க ஆளுங்க எந்த வரி?” என்று கேட்டார். கடைசி வரியைக் காட்டினேன். மூன்று வருடத்தில் இதயம் நின்றது என்று உறுதியான முப்பத்தெட்டு அழைப்புகள், மெஷின் கண்டுபிடித்தது முப்பத்தொன்று. மற்றவர்களுக்கு இரண்டாயிரத்து நானூறு, கண்டுபிடித்தது இரண்டாயிரத்து நூறு. எதிரே “வேறுபாடு இல்லை” என்று போட்டிருந்தது. “முப்பத்தெட்டுதானா? எங்க தெருவுலயே அதுக்கு மேல இருக்குமே” என்றார் அவர்.

போன மாதம் இந்தப் பட்டியலைப் பற்றி நீங்கள் சொன்னபோது, சாப்பாட்டு மேஜையில் நானும் இதைத்தான் கேட்டேன். “இது உனக்குப் புரியாது” என்றீர்கள். பதினோரு வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவளுக்குப் புரியாதது என்னவென்று எழுதுங்கள். பொறுமையாகப் படிக்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டில் நீங்கள் எல்லோரும் வைத்த பெயரிலேயே,
ரேடியோ

*

பிப்ரவரி 11

ரேடியோவுக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன்தான் முதலில் பிரித்தார். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் மேஜைமேல் வைத்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஓவியங்களைத் திருத்தப் போய்விட்டார். அவர் பேசாமல் இருந்தால் நான் தவறு செய்திருக்கிறேன் என்று பொருள். இந்த வீட்டில் அது எழுதப்படாத சட்டம்.

“உனக்குப் புரியாது” என்று சொன்னது தவறு. எனக்கு விளக்கத் தெரியாதபோது நான் அப்படித்தான் சொல்கிறேன், மாணவர்களிடமும்கூட. மன்னித்துவிடு.

இப்போது விளக்கப் பார்க்கிறேன். ஒரு பெரிய குடியிருப்பில் எத்தனை வீட்டில் பூனை வளர்க்கிறார்கள் என்று தெரிய வேண்டும். ஐந்நூறு கதவைத் தட்டினால் ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடலாம். எட்டுக் கதவைத் தட்டினால் எதையும் சொல்ல முடியாது. ஐந்து வீட்டில் பூனை இருந்தது தற்செயலாகவும் இருக்கலாம். முப்பத்தெட்டு என்பது எட்டுக் கதவு மாதிரிதான். மெஷின் அவர்களில் நூற்றுக்கு எண்பத்திரண்டு பேரைக் கண்டுபிடித்தது என்று கணக்கு வருகிறது. ஆனால் உண்மை நிலவரம் அறுபத்தாறாகவும் இருக்கலாம், தொண்ணூற்றொன்றாகவும் இருக்கலாம். அதாவது, அக்கரைக்காரர்களில் மூன்றில் ஒருவரை அது தவறவிட்டாலும், இந்த முப்பத்தெட்டை வைத்துக்கொண்டு என்னால் அதைப் பிடிக்க முடியாது.

நான் அந்தக் கட்டத்தில் எழுதியது இது: “வேறுபாடு உண்டா இல்லையா என்று சொல்ல எண்ணிக்கை போதாது.” அச்சில் வந்தது வேறு. இந்த ஆராய்ச்சியை நடத்துகிற புரொஃபசர் பேனாவை எடுத்து என் வாக்கியத்தை அடித்தார். “படிக்கிறவங்களுக்குப் புரியணும்மா. வேறுபாடு தெரியல, அவ்வளவுதானே? அப்ப இல்லைன்னு போடு.” தெரியவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். அன்று மென்று விழுங்கிவிட்டேன். என் ஒப்பந்தம் ஏப்ரலில் புதுப்பிக்கப்பட வேண்டும். அதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

சுவரில் ஒட்டியிருப்பது முன்வரைவு. இறுதிச் சான்றில் நான் மார்ச் இருபத்தைந்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். இன்னும் போடவில்லை.

அண்ணி

*

பிப்ரவரி 15

அண்ணி,

பூனைக் கணக்கு புரிந்தது. முதலிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் அன்று சாப்பாட்டையாவது முடித்திருப்பேன்.

நேற்று நடந்ததை எழுதுகிறேன். மெஷினை ஒத்திகைக்காக எங்கள் திரை ஓரத்தில் இப்போதே ஓடவிட்டிருக்கிறார்கள். காலை பத்தேகாலுக்கு அக்கரையிலிருந்து ஒருவர் அழைத்தார். “மூச்சு விடுறாங்களா?” என்று கேட்டேன். பதில் இல்லை. ஏனென்றால் அவர் திரும்பி, தங்கள் பேச்சில் மனைவியிடம் கேட்கிறார். மனைவி பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கிறாள். பதில் அதே வழியாகத் திரும்பி வர வேண்டும். அதற்குள் ஆறேழு வினாடி அமைதி. அந்த அமைதியில் யாரும் அழவில்லை, கத்தவில்லை. “இல்லை” என்று மெதுவாக, மரியாதையாகச் சொன்னார். மூன்று கேள்விக்கும் இப்படியே. நம் ஆட்கள் என்றால் இதற்குள் என் காதைக் கிழித்திருப்பார்கள்.

திரையில் பச்சை.

நான் வண்டி அனுப்பினேன். அவருடைய அப்பா பிழைத்துக்கொண்டார் என்று மதியம் தெரிந்தது. கடிகாரம் என் பின்னால் வந்து நின்று, “மெஷின் பச்சை காட்டும்போது எதுக்கு அனுப்புன?” என்றார். “அந்தாளு மூச்சு விடலை சார்” என்றேன். ஏப்ரலுக்குப் பிறகு பச்சையை மீறி அனுப்பினால் எழுத்தில் காரணம் தர வேண்டுமாம். காலைப் பணியில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம், ஏழாகக் குறைக்கப்போகிறார்கள். ஏழு பேரும் எத்தனை காரணம் எழுதுவார்கள்? ஒரு மாதம் எழுதுவார்கள். பிறகு பச்சை என்றால் பச்சைதான்.

உங்கள் ஒப்பந்தம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஒப்புக்குச் சப்பாணியாக முப்பத்தெட்டு பேரைச் சேர்த்துவிட்டு “எல்லோருக்கும் சமம்” என்று எழுதியதில் உங்கள் பெயர் இருப்பதைப் பார்த்தால் எனக்கு அழுகை வருகிறது. எங்கள் அம்மாவுக்கு அத்தனை பெருமை உங்கள்மேல். எனக்கும்தான்.

ரேடியோ

*

பிப்ரவரி 24

ரேடியோவுக்கு,

உன் பத்தேகால் அழைப்பைப் புரொஃபசரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. இந்த மெஷின் உன் அறைக்கு வந்தால் மொத்தத்தில் நிறைய உயிர் பிழைக்கும் என்று உண்மையாகவே நம்புகிறார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் இருக்கிறது, அதையும் நான்தான் கணக்கிட்டேன். “ஒரு அழைப்பை வெச்சு எப்படிம்மா முடிவு பண்றது?” என்றார். நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வாக்கியத்தை அவர் எனக்குச் சொன்னார்.

“அப்ப எத்தனை வேணும்?” என்று கேட்டார். வெள்ளைப் பலகையில் போட்டுக் காட்டினேன். மற்றவர்களுக்கு நூற்றுக்கு எண்பத்தெட்டு, அதற்கும் எண்பதுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பிக்கையோடு சொல்ல நூற்றெழுபது அழைப்பாவது வேண்டும். வருடத்துக்குப் பதின்மூன்று வருகிறது. கையில் இருக்கிற முப்பத்தெட்டு போக இன்னும் பத்து வருடம் காத்திருக்க வேண்டும். “ஆரம்பிச்சிடுவோம், தரவு தானா சேரும்” என்றார். ரேடியோ, அந்தத் தரவு சேர வேண்டுமென்றால் அக்கரையில் இன்னும் நூற்றுமுப்பது பேருக்கு இதயம் நிற்க வேண்டும். அவர்களில் எத்தனை பேரை மெஷின் தவறவிட்டது என்று பிறகு நான் எண்ணி, துல்லியமாக ஒரு கட்டத்தில் எழுதுவேன். பலகையை நானே அழித்துவிட்டு வந்து கழிப்பறையில் நின்று அழுதேன். நாற்பத்திரண்டு வயதில் அலுவலகக் கழிப்பறையில் அழுவது நன்றாகவே இல்லை, கைத்துடைக்கும் காகிதம்கூடத் தீர்ந்துபோயிருந்தது.

ஆனால் இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. அக்கரைக்காரர்கள் நகரத்தில் இருபதில் ஒரு பங்கு. மற்றவர்களிடமிருந்து இரண்டாயிரத்து நானூறு என்றால் இவர்களிடமிருந்து நூற்றிருபது அழைப்பாவது வந்திருக்க வேண்டும். வந்தது முப்பத்தெட்டு. உங்கள் சுத்தம் செய்கிற அக்கா கேட்ட கேள்வியைத்தான் நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். மீதிப் பேர் எங்கே? அவர்களுக்கு நோயே வருவதில்லையா, அழைப்பதே இல்லையா, அல்லது எங்களுக்கு வந்த பதிவுகளில் ஏதாவது விடுபட்டதா? உங்கள் அறையில் பழைய அழைப்புகளை எப்படிச் சேர்த்து வைப்பீர்கள் என்று விவரமாக எழுது. சின்ன விஷயம் என்று எதையும் விட்டுவிடாதே.

அண்ணி

*

மார்ச் 4

அண்ணி,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. இரண்டு தாள் எழுதிக் கிழித்தேன். வாய் ஓயாதவள் என்று பெயர் வைத்தீர்களே, அந்த வாய் இப்போது ஒட்டிக்கொண்டுவிட்டது.

எங்கள் ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும் திரையில் ஐந்து பொத்தான் வரும். விபத்து, பிரசவம், இதயம் என்று வகை குறிக்க. ஐந்தாவது பொத்தான் ‘தெளிவில்லை’. இணைப்பு அறுந்துபோனால், குழந்தை விளையாட்டாக அழைத்தால், குடித்துவிட்டு உளறினால் அழுத்துவதற்கு வைத்தது. அந்த அழைப்புகள் தனியாக ஒரு பெட்டிக்குள் போய்விடும்.

ஆறேழு வருடத்துக்கு முன் கடிகாரம் சுவரில் ஒரு பலகை மாட்டினார். ஒவ்வொருவர் நாற்காலி எண்ணுக்கும் எதிரே சராசரி அழைப்பு நேரம். இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் உங்கள் எண் சிவப்பில் எழுதப்படும். மூன்று வாரம் சிவப்பில் இருந்தால் விடுமுறை நாள் பணி உங்களுக்குத்தான். அக்கரை அழைப்பு எப்படியும் மூன்று, நான்கு நிமிடம் இழுக்கும். ஆனால் ‘தெளிவில்லை’ அழுத்தினால் அந்த அழைப்பு சராசரியில் சேராது. இதை யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாது. புதிதாக வருகிறவர்களுக்கு நாங்களே சொல்லிக்கொடுப்போம், தேநீர் எங்கே கிடைக்கும் என்று சொல்வது போல. வண்டி அனுப்பிவிட்டும் அழுத்துவோம். சில சமயம் ஒன்றுமே புரியாமல், அனுப்பாமலும் அழுத்தியிருக்கிறோம். மறுபடி கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொள்வோம்.

நாங்கள் என்று எழுதுகிறேன். நானும்தான், அண்ணி.

இத்தனை கடிதத்திலும் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிற்க வைத்து வாயடித்துவிட்டு, இப்போது இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெட்டி உங்களுக்கு வந்ததா?

ரேடியோ

*

மார்ச் 7

ரேடியோ,

வந்தது. மூன்று வருடப் பெட்டி முழுக்க வந்தது. தூக்கி எறிந்தவள் நான்.

இன்று என் பழைய நிரலைத் திறந்து பார்த்தேன். பதினேழாவது வரியில், ‘தெளிவில்லை’ என்று குறித்த எல்லாவற்றையும் நீக்கு என்று ஒரே ஒரு கட்டளை. பக்கத்தில் என் கையாலேயே ஒரு குறிப்பு: “குப்பை”. நல்ல தரவில் கற்றால்தான் மெஷின் நன்றாகக் கற்கும் என்று நினைத்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் நாத்தனார் அந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாத சங்கதியா? தோன்றவே இல்லை. நீ அழுத்தினாய், நான் அழித்தேன். அதனால் யார் குற்றம் அதிகம் என்று தராசு எடுக்க வேண்டாம், நேரம் இல்லை.

நீயாக எந்தப் பதிவையும் எடுக்காதே, எனக்கு அனுப்பாதே. வேலை போய்விடும், பதிவும் செல்லாமல் போய்விடும். உங்கள் தலைமை அலுவலகத்துக்கு முறைப்படி எழுதி, பெட்டியைத் திறந்து மறுபடி கேட்க அனுமதி கோரியிருக்கிறேன், வந்ததும் தொடங்குங்கள். உன்னையும் அக்கரைப் பேச்சு தெரிந்த ஒருவரையும் கேட்க வைக்கச் சொல்லியிருக்கிறேன். யாரைப் போடலாம் என்று உனக்கே தெரியும். அவர் நேரத்துக்குக் கூலி தரச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும். அதே அழைப்புகளை நான் இங்கே மெஷினுக்கும் போடுவேன், அது என்ன நிறம் காட்டியது என்று உங்கள் இருவருக்கும் தெரியக்கூடாது. அது என்னிடம் இருக்கட்டும். நீங்கள் அழைப்பைக் கேட்டு, ஆம்புலன்ஸ் ஏட்டோடும் ஆஸ்பத்திரி ஏட்டோடும் ஒப்பிட்டு, இதயம் நின்ற கேஸா இல்லையா என்று மட்டும் குறியுங்கள். மெஷின்மேல் உனக்கு இருக்கிற கோபம் கணக்கில் கலந்துவிடக்கூடாது.

அண்ணி

*

மார்ச் 19

அண்ணி,

முடித்துவிட்டோம். அக்கரை அழைப்புகள் மட்டும் இருநூற்றுத் தொண்ணூறு. மதியப் பணிக்கு ஆட்கள் வந்ததும் நானும் அக்காவும் பழைய சாமான் அறையில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவோம். ஒரு மேஜை, ஒரு கணினி, உடைந்த மின்விசிறி ஒன்று. அதில் எங்கள் பைகளை மாட்டிவைத்தோம்.

முதல் நாள் அக்கா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மூன்று அழைப்பு கேட்டார். பிறகு கழற்றி வைத்துவிட்டு, “ஏம்மா, இதுல தெளிவில்லாதது எது?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. நான் அந்தப் பலகையைப் பற்றி, இரண்டு நிமிடத்தைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். “நான் தினம் அந்தப் பலகையைத் துடைக்கிறேன்” என்றார். அவ்வளவுதான். அடுத்த அழைப்பைப் போடச் சொன்னார்.

இரண்டு குரல் அவருக்குத் தெரிந்தவர்களுடையது. ஒருவரை அடையாளம் கண்டதும் எழுந்து வெளியே போனார். அரை மணி நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். நான் போதும் என்றேன், அவர் கேட்கவில்லை.

ஏடுகளோடு ஒப்பிட்டதில் இதயம் நின்ற கேஸ்கள் நாற்பத்துநான்கு. தாள்களைத் தலைமை அலுவலகம் வழியாகவே அனுப்பியிருக்கிறேன். கடிகாரம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கூட வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். “எங்க எல்லாரையும் மாட்டிவிட்டுட்ட” என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. ஒன்பது வருடம் என்னோடு டப்பாச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டவள்.

அந்தத் தாள்களில் அழைப்பை எடுத்தவர் எண் போட ஒரு கட்டம் இருந்தது. எல்லாவற்றையும் நிரப்பியிருக்கிறேன்.

ரேடியோ

*

மார்ச் 27

ரேடியோவுக்கு,

நாற்பத்துநான்கில் மெஷின் கண்டுபிடித்தது பத்தொன்பது.

மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன், பத்தொன்பதுதான். நூற்றுக்கு நாற்பத்துமூன்று. இதிலும் எண்ணிக்கை குறைவுதான், தடுமாற்றம் இருக்கிறது. முப்பதாகவும் இருக்கலாம், ஐம்பத்தெட்டாகவும் இருக்கலாம். ஆனால் எந்த ஓரத்தைப் பிடித்தாலும் எண்பத்தெட்டின் பக்கத்தில்கூட வரவில்லை. சின்ன வித்தியாசத்தைப் பார்க்கத்தான் நூற்றெழுபது பேர் வேண்டும், ரேடியோ. இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு நாற்பத்துநான்கு போதும். பத்து வருடம் காத்திருக்க வேண்டும் என்று நான் பலகையில் போட்டது கணக்காகச் சரி. பதில் என் கையில் இருந்தது, குப்பை என்று எழுதி வைத்திருந்தேன்.

முதல் முப்பத்தெட்டையும் இந்த நாற்பத்துநான்கையும் சேர்த்தாலும் எண்பத்திரண்டு பேர்தான் வருகிறது. நூற்றிருபது வர வேண்டும். மீதி ஏறக்குறைய நாற்பது பேர் எங்கே என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பெரும்பாலும் உங்களை அழைக்கவே இல்லை என்று நினைக்கிறேன். அழைத்துப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார், வீண் வேலை என்று.

இருபத்தைந்தாம் தேதி கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். பட்டியலைத் திருத்திக் கொடுத்தேன். அக்கரை வரியில் புது எண். எண்ணிக்கை போதாத வேறு நான்கு குழுக்களின் வரியில் “தெரியாது” என்று எழுதினேன். புரொஃபசர் அந்த நான்கு வரியிலும் விரலை வைத்தார். “தெரியாதுன்னு எழுதவாம்மா நமக்குச் சம்பளம் தர்றாங்க?” என்றார். “அதுக்கும்தான் சார்” என்றேன். அவர் பேனாவை எடுக்கவில்லை. அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் இல்லை. முடிவு இதுதான். ஏப்ரல் ஒன்றாம் தேதி மெஷின் வரும், அக்கரை எண்களிலிருந்து வரும் அழைப்பை அது தொடாது. மனிதர்களே எடுப்பார்கள். அந்த நேரப் பலகையைக் கழற்ற வேண்டும் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன். கழற்றுவார்களா என்று உனக்குத்தான் தெரியும். ‘தெரியாது’ என்று எழுதிய நான்கு குழுவுக்கும் மெஷின் ஓடும். அதை என்னால் தடுக்க முடியவில்லை.

என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. உன் அண்ணன், “நல்லது, நீ இனி ராத்திரி தூங்குவ” என்கிறார். அவர் சம்பளத்தில் எத்தனை நாள் தூங்க முடியும் என்று பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. அந்த நாற்பத்துநான்கில் பதினொன்று, ஏழாம் எண் நாற்காலி எடுத்தவை. அது உன் எண் என்று உன் அண்ணன் சொன்னார். அறிக்கையின் இணைப்பில் அழைப்பு எடுத்தவர் எண்கள் வருகின்றன. கணக்குக்கு அந்தக் கட்டம் தேவையே இல்லை. நான் அதை எடுத்துவிடலாம். எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். உன்னைக் கேட்காமல் செய்ய வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். சீக்கிரம் பதில் எழுது. இந்த ஒரு தடவையாவது ஃபோனை எடுத்தாலும் தேவலை.

அண்ணி

*

ஏப்ரல் 6

அண்ணி,

எண்ணை எடுக்காதீர்கள். என் எண்ணும் இருக்கட்டும், எல்லோருடையதும் இருக்கட்டும். வருகிறது வரட்டும். நீங்கள் வேலையை இழந்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது நான் ஒரு கட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது நன்றாக இருக்காது. நீங்கள் அப்படிக் கேட்டது என்மேல் இருக்கிற பாசத்தில்தான் என்று தெரியும். கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அந்தப் பதினொன்றையும் சாமான் அறையில் நானேதான் கேட்டேன். ஒன்பதுக்கு வண்டி அனுப்பியிருந்தேன். இரண்டுக்கு அனுப்பவில்லை. அவற்றில் ஒன்று இரண்டு வருடத்துக்கு முந்தையது, ஜூன் மாதம், காலை ஒன்பது நாற்பது. ஒரு பெண். கணவர் விழுந்துவிட்டார் என்கிறாள். “தெளிவா பேசுங்க மேடம்” என்று நான் சொல்கிறேன். நான்கு தடவை சொல்கிறேன், அண்ணி. நான்காவது தடவை என் குரலில் ஒரு சலிப்பு இருக்கிறது. ஒரு நிமிடம் ஐம்பது வினாடியில் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். பன்னிரண்டு நிமிடம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் அழைத்திருக்கிறார், எட்டாம் எண் நாற்காலிக்காரி வண்டி அனுப்பியிருக்கிறாள். ஆஸ்பத்திரி ஏட்டில், வரும்போதே உயிர் இல்லை என்று இருக்கிறது. உங்கள் மெஷின் அந்த முதல் அழைப்புக்கு என்ன நிறம் காட்டியது என்று நான் கேட்கப்போவதில்லை. பச்சையாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டுத்தானே அது கற்றுக்கொண்டது.

நேற்று அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். போகக்கூடாது என்று விதி இருக்கிறது, தெரியும். அக்காவும் வந்தார். மூன்றாவது மாடி, நீளமான நடைவழி. கதவு திறந்தே இருந்தது. அந்த அம்மா தையல் மெஷினில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். தரையெல்லாம் நீலத் துணி. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன், வாசலில் எல்லாம் மறந்துவிட்டது. “அன்னிக்கு உங்க ஃபோனை எடுத்தது நான்தான்” என்று மட்டும் சொன்னேன்.

அவர் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் நம் பேச்சில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டார். “நான் அன்னிக்குச் சரியா சொல்லலைதானே? உங்களுக்குப் புரியலைதானே? நான் சரியா பேசியிருந்தா அவர் இருந்திருப்பாரு. அதுக்கப்புறம்தான் உங்க பாஷை வகுப்புல சேர்ந்தேன். ரெண்டு வருஷமா போறேன்.”

“இல்லம்மா” என்றேன். “நீங்க சரியாத்தான் சொன்னீங்க. அட்ரஸை மூணு தடவை சொன்னீங்க. மூணு தடவையும் எனக்குக் கேட்டுச்சு. எழுதிக்காதது நான்தான்.” அவருக்கு அது உடனே விளங்கவில்லை. அக்கா அவர்கள் பேச்சில் திருப்பிச் சொன்னார். சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் உள்ளே போய் ஒரு நோட்டுப்புத்தகம் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். வகுப்பு நோட்டு. திறந்தேன். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் எல்லாவற்றிலும் அவர் வீட்டு முகவரியை மட்டும், நம் எழுத்தில், வரிசை வரிசையாக எழுதிப் பழகியிருந்தார்.

ரேடியோ